உராய்ந்த தோலும் எரிந்த கம்பளமும்

பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம். அசர் தொழுது முடித்த மாமி, சாம்பிராணிச் சட்டியை முன் அறையில் வைத்துவிட்டுப் புது உடுப்புகளை எடுக்க உள்ளே போனார். ஏழு வயதான என் மகள் தன் மச்சிமாரோடு ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தாள். வாசலிலிருந்து ஓடிவந்து, முழங்காலில் விழுந்து, கம்பளத்தின் மேல் எவ்வளவு தூரம் சறுக்கலாம் என்று பார்ப்பது. மூன்றாம் முறை சறுக்கியபோது கால் சட்டியில் பட்டது. இரண்டு தணல் துண்டுகள் கம்பளத்தில் உருண்டன.

அல்ஹம்துலில்லாஹ், தணல் அவள்மேல் படவில்லை. ஆனாலும் “சுட்டுப்போட்டுது உம்மா” என்று கதறினாள். பார்த்தால், இரு முழங்கால்களிலும் மேற்தோல் சுருண்டு, அடியில் பளபளவென்று சிவந்திருந்தது. நெருப்புத் தொடாமலே சுட்டிருந்தது.

நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துப் பாருங்கள், உராய்வினால் வெப்பம் பிறக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்பவள். அன்று என் கைகள் செய்தவை மூன்றுமே பிழை. முழங்காலைத் துவாயால் அழுத்தித் துடைத்தேன். மாமி சொன்னார் என்று பற்பசையைப் பூசினேன். பிறகு ஈரத் துணியால் கம்பளத்தின் கருகலை மும்முரமாகத் தேய்த்தேன். உராய்வினால் வந்த காயத்துக்கு இன்னும் உராய்வையே மருந்தாகக் கொடுத்திருக்கிறேன் என்பது இரவு படுக்கும்போதுதான் உறைத்தது. அதன் பிறகு வாசித்தும், தாதியாக இருக்கும் தோழியிடம் கேட்டும், கம்பளத்தில் நானே செய்து பார்த்தும் அறிந்தவற்றை மாணவியருக்கும் பெற்றோருக்கும் எழுதுகிறேன்.

உராய்வு எரிகாயம் என்பது இரண்டு காயங்கள் ஒன்றாகச் சேர்ந்தது. சொரசொரப்பான பரப்பு தோலைச் சுரண்டுகிறது. அதே வேளை அந்த உராய்வின் வெப்பம் தோலைச் சுடுகிறது. கொதிநீர் அளவுக்குச் சூடு தேவையில்லை. 60 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் சில வினாடிகளிலேயே தோலை ஆழமாக வேகவைத்துவிடும். வேகமாகச் சறுக்கும் முழங்காலின் மேற்பரப்பில் ஒரு கணம் சூடு ஏறினால் போதும். எங்கள் ஊரில் இந்தக் காயம் கம்பளத்தில் மட்டும் வருவதல்ல. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் கயிறிழுத்துத் தோற்ற அணியின் உள்ளங்கைகளைப் பாருங்கள். கயிறு வழுகிப்போன தடம் சிவப்பாக இருக்கும். கிணற்றுக் கயிறு கை நழுவி ஓடிய வடுவோடு எங்கள் உம்மும்மா கடைசி வரை இருந்தார். மோட்டார் சைக்கிளிலிருந்து வழுக்கி விழுந்தால் தார் வீதி இதே வேலையை இன்னும் கொடூரமாகச் செய்யும்.

இங்கே தாய்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அபாயாவின் ஓரமோ ஷோலின் முனையோ பின்சக்கரத்தில் சிக்கி விழும் விபத்துகள் வீதியில் அடிக்கடி நடக்கின்றன. ஏறியதும் உடுப்பைச் சுருட்டி மடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தை மூடும் கம்பித் தடுப்பு இல்லாத வண்டியில் பக்கவாட்டில் உட்காராதீர்கள். சைக்கிளின் பின்னால் இருக்கும் சிறுவரின் குதிக்கால் சக்கரக் கம்பிகளுக்குள் போய்விட்டால், வெளியில் சிராய்ப்புப் போலத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும். அங்கே உராய்வோடு நசிவும் சேர்ந்திருக்கும். உள்ளே எவ்வளவு கெட்டிருக்கிறது என்பது முதல் நாளில் வெளித் தெரியாது.

இனி முதலுதவி. முதலில் உங்கள் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பிறகு காயத்தின் மேல் ஓடும் நீர். ஐஸ் வேண்டாம், அது ஏற்கெனவே நொந்த தோலின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து இன்னும் கெடுக்கும். சாதாரண குளிர்ச்சியுள்ள, குடிக்கத் தகுந்த நீர் போதும். தீயோ கொதிநீரோ சுட்டால் 20 நிமிடம் நீரைப் பிடிக்கும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள். உராய்வு எரிகாயத்துக்கும் அதைச் செய்யலாம். சூடும் தணியும், மண்ணும் நூலும் கழுவுப்பட்டுப் போகும். 20 நிமிடம் என்பது அழுகிற பிள்ளையோடு மிக நீண்ட நேரம். ஒரு கதையைத் தொடங்கிவிடுங்கள்.

மண்ணைப் பற்றி அலட்சியம் வேண்டாம். செம்மண்ணிலோ தார் வீதியிலோ விழுந்தால், துகள்கள் உள்ளே இருக்கும்போதே தோல் மூடிவிட்டால், அந்த இடம் பச்சை குத்தியதுபோல நீலக் கறுப்பாக வாழ்நாள் முழுதும் நிற்கும். நீரால் போகாத துகளைச் சுத்தமான ஈரத் துணியின் நுனியால் மெதுவாக ஒற்றி எடுக்கலாம். அதற்கும் வராவிட்டால் தோண்டாதீர்கள். வைத்தியசாலையில் மரப்பு மருந்து கொடுத்து எடுப்பார்கள். மண் பட்ட காயமென்றால் ஏற்பு ஊசியும் நினைவுக்கு வர வேண்டும். எமது நாட்டில் 11 வயதில் பாடசாலையிலேயே ஒரு ஊசி போடுகிறார்கள். அந்த அட்டையைத் தேடி எடுத்து வைத்திருங்கள். பெரியவர்கள் பலருக்குத் தாங்கள் கடைசியாக எப்போது போட்டோம் என்பதே நினைவில்லை.

கழுவியபின் தேய்க்காமல் ஒற்றி உலர்த்தி, மெல்லிதாக வஸ்லின் பூசி, ஒட்டாத கோஸ் துணியால் மூடி, நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பழைய கட்டு ஒட்டிக்கொண்டால் இழுக்க வேண்டாம், நீர் ஊற்றி ஊறவிட்டு எடுங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்க வேண்டாம். கடையில் வாங்கும் ஸ்பிரிட்டை ஊற்றினால் கிருமியோடு புதிதாக முளைக்கும் கலங்களும் சாகும்.

“காத்துப்பட விடு, காயட்டும்” என்பது எங்கள் வீடுகளில் பரம்பரையாகச் சொல்லும் வார்த்தை. நானும் நம்பியிருந்தேன். 1962 இல் ஜோர்ஜ் வின்ரர் என்ற ஆய்வாளர் விலங்கின் தோலில் ஒரே அளவான மேற்காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடிப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்தது. காரணம் எளிது. புதிய தோற்கலங்கள் காயத்தின் ஓரங்களிலிருந்தும் மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகளிலிருந்தும் ஊர்ந்து வந்து மூடுகின்றன. ஈரமான தளத்தில் அவை நேராக ஊரும். காய்ந்த பக்கு இருந்தால் அதன் அடியால் சுற்றிப்போக வேண்டும். இன்று வைத்தியசாலைகளில் பயன்படும் நவீன காயக்கட்டுகள் பெரும்பாலும் இந்த உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

பற்பசைக்கு வருவோம். அது குளிர்வதுபோல் இருப்பது அதிலுள்ள புதினா வாசனைப் பொருளினால். சூடு குறைவதில்லை. அதிலுள்ள தேய்க்கும் தூளும் சவர்க்காரப் பொருளும் வெந்த தோலை உறுத்தும். வைத்தியர் காயத்தைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அதாவது இன்னொரு உராய்வு. கோப்பித்தூள், மஞ்சள்தூள், மை, நெய் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

மாமி விடவில்லை. “சாம்பல் வைக்கிறது சுன்னத்தில் இருக்கே மகள்?” என்றார். அவர் சொன்னது புகாரியில் பதிவான நிகழ்ச்சி. உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களுடைய முகத்தில் காயமேற்பட்டபோது, அலி (ரழி) நீரைக் கொண்டுவர, ஃபாத்திமா (ரழி) இரத்தத்தைக் கழுவினார்கள். இரத்தம் நிற்கவில்லை என்று கண்டபோது பாயின் ஒரு துண்டை எரித்து, அந்தச் சாம்பலைக் காயத்தில் வைத்தார்கள். “மாமி, முதலில் தண்ணீரால்தானே கழுவியிருக்கிறார்கள்? சாம்பல் இரத்தத்தை நிறுத்த வைத்தது. இது இரத்தம் ஓடுகிற காயம் இல்லையே” என்றேன். மாமி கொஞ்சம் யோசித்து, “தண்ணியைத்தான் முதல் ஊத்தியிருக்கிறாங்க” என்று ஒத்துக்கொண்டார். இரத்தத்தை நிறுத்த இன்று சுத்தமான துணியும் அழுத்திப் பிடிக்கும் கையும் இருக்கின்றன. போர்க்களத்தில் கிடைத்ததைக் கொண்டு, நிலைமையைப் பார்த்து முடிவெடுத்த அந்த மகளின் நிதானம்தான் எனக்கு அந்த ஹதீஸில் பெரிதாகத் தெரிகிறது.

தேனைப் பற்றியும் கேட்பீர்கள். அதில் மனிதருக்கு நிவாரணம் உண்டென்பதை சூறா அந்நஹ்லில் ஓதுகிறோம். மேலோட்டமான எரிகாயங்களைத் தேன் கட்டுகள் வழமையான சில கட்டுகளைவிட விரைவில் ஆற்றுவதாக ஆய்வுகளைத் தொகுத்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பயன்படுத்துவது கிருமி நீக்கிய மருத்துவத் தேன். சந்தையில் போத்தலில் விற்பது அதுவல்ல. சீனிப்பாகு கலந்ததா என்றுகூட நாங்கள் அறியோம்.

வுழூ எப்படிச் செய்வது என்று மகளே கேட்டாள். காயத்தில் நீர் பட்டால் தீங்கு என்றால், நல்ல பகுதிகளைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவ மார்க்கத்தில் இடமுண்டு. எமது ஷாபிஈ மத்ஹபில் அதனோடு தயம்மும் சேர்ந்து வரும். விபரத்தை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்? காயம், அடிபட்டவருடைய உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவைவிடப் பெரிதாக இருந்தால் (உடலின் மொத்தத் தோலில் அது ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு), முகத்தில், மூட்டில், மறைவிடத்தில் இருந்தால், நாளுக்கு நாள் சிவப்புப் பரவி, சீழ் பிடித்து, மணத்து, காய்ச்சல் வந்தால், கைக்குழந்தை என்றால். இவற்றைவிட முக்கியமான ஒன்றுண்டு. காயம் வெண்மையாகவோ கருகியோ இருந்து, நோகாமல் இருந்தால். நோவு என்பது நரம்பு நுனிகள் உயிரோடு இருக்கின்றன என்பதற்கான செய்தி. என் மகள் வீடே அதிர அழுதது ஒரு வகையில் நல்ல செய்தி. நோகாத காயத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

இதை நான் வாப்பாவிடம் படித்தேன். புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்த காலம். வாப்பாவுக்கு நீண்ட நாள் சீனி வருத்தம். புதுச் செருப்பு ஒன்று வலது கால் சிறுவிரலை உரசியிருக்கிறது. சீனியினால் பாதத்தின் உணர்வு ஏற்கெனவே மங்கியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோதும், “நோகவே இல்லை, என்ன பெரிய புண்?” என்று ஏதோ இலையை அரைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். நாங்களும் விட்டுவிட்டோம். மூன்றாம் வாரம் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள். செருப்புக் கடித்ததென்று நாம் சொல்வதும் ஒரு உராய்வு எரிகாயமே. வீட்டில் சீனி வருத்தமுள்ளவர் இருந்தால், இரவில் படுக்குமுன் அவருடைய பாதத்தைக் கையில் எடுத்து, விரலிடுக்குவரை வெளிச்சத்தில் பாருங்கள். பேத்திமாருக்கு ஏற்ற வேலை அது.

பாரிய விபத்தென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். இந்தச் சேவை 2018 இல் யாழ்ப்பாணத்துக்கும் விரிந்தது. சோனகத்தெருவில் எவருக்கும் அந்த இலக்கத்தை மனப்பாடம் செய்விக்கத் தேவையில்லை. அந்த ஆண்டின் ஒக்டோபர் 30 ஐ மறந்தவர் எவரும் எம்மில் இல்லை. இப்போது அதே நான்கு இலக்கங்கள் ஒரு வண்டியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவருகின்றன.

இனிக் கம்பளம். என் கணவரின் தம்பி கட்டாரிலிருந்து சுமந்துவந்தது. ஆகவே அதற்கு விலையைவிடக் கூடுதலான மதிப்பு.

தோலுக்கும் கம்பளத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை முதலில் மனதில் வையுங்கள். தோல் தானே வளரும். நமது வேலை அதற்குத் தடையாக இல்லாதிருப்பது. கம்பளம் வளராது, போன இழையை வேறெங்கிருந்தோ எடுத்து வந்தே நிரப்ப வேண்டும். ஆழமான எரிகாயத்துக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் சீவி ஒட்டுகிறார்களே, அதே முறைதான். தொடையில் சீவிய இடம் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், கம்பளத்தில் எடுத்த இடம் எடுத்ததுதான்.

தணல் விழுந்ததும் இடுக்கியால் எடுத்து, நீர் தெளித்து முற்றாக அணைத்துவிட்டுக் காயவிடுங்கள். தேய்க்காதீர்கள். கரி இழைகளின் வேருக்கு இறங்கிப் பரவும். எனக்கு அதுவே நடந்தது, ஒரு ரூபா நாணயமளவு கருகலைச் சாசர் அளவு அழுக்காக்கிக் கொண்டேன்.

அடுத்து, இழை எதுவென்று அறிய வேண்டும். மறைவான ஓரத்திலிருந்து இரண்டு இழையை வெட்டி, புருவம் பிடுங்கும் இடுக்கியால் பிடித்து, நீர்க் கிண்ணத்துக்கு மேலே தீயில் காட்டுங்கள். கம்பளி என்றால் தலைமயிர் எரியும் மணம் வந்து, நசுக்கினால் தூளாகும் சாம்பல் மிஞ்சும். மணம் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஆட்டின் உரோமம், நமது மயிர், நகம், மேற்தோல் எல்லாம் கெரற்றின் என்ற ஒரே புரதத்தால் ஆனவை. செயற்கை இழையென்றால் உருகிச் சுருங்கி, ஆறியதும் கடினமான மணியாகும். வீடுகளில் விரிக்கும் மலிவான இயந்திரக் கம்பளங்களில் மிகுதியானது பொலிபுரொப்பிலீன். அது ஏறத்தாழ 165 பாகை செல்சியஸிலேயே உருகும். பருத்திக்கு வைத்த மின்னழுத்தியின் சூடு இதைத் தாண்டும். கனமான அலுமாரியை இழுத்தால் வரும் உராய்வுச் சூடே இந்த இழையைப் பளபளப்பான கோடாக உருக்கிவிடும். ஆம், கம்பளத்துக்கும் உராய்வு எரிகாயம் உண்டு. அலுமாரியைத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும்.

இந்த உருகும் மணியை மாணவியர் இன்னொரு காரணத்துக்காகவும் பார்க்க வேண்டும். நமது அபாயாக்கள் பல பொலியெஸ்ரர். அதுவும் எரியும்போது இப்படித்தான் உருகி ஒட்டும், தோலின் மேல். அடுப்படியில் நீண்ட கை உடுப்பை முழங்கைவரை மடித்துக் கட்டுங்கள். உருகிய துணி தோலில் ஒட்டிவிட்டால் பிய்க்காமல், அதன் மேலேயே நீரை ஊற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

கருகல் நுனியில் மட்டும் இருந்தால், நகம் வெட்டும் சிறு கத்தரியால் கறுத்த நுனிகளை மட்டும் கொய்து எடுத்து, தூசியை உறிஞ்சியோ மெல்லத் தட்டியோ அகற்றுங்கள். கம்பளியென்றால் மெல்லிய மணற்தாளால் ஓரிரு முறை வருடலாம். மீந்த பழுப்பு நிறத்தை, கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் ஒற்றி எடுங்கள். வெளுப்பான் போட்டால் கறையை விட்டு நிறத்தைக் கொண்டுபோகும். உருகிய செயற்கை இழை எதனாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. அதை வெட்டத்தான் வேண்டும்.

இழை வேர்வரை போய், அடித்தளம் தப்பியிருந்தால், கருகியதை அடியோடு வெட்டி, மறைவான இடத்தின் நல்ல இழைகளைக் கொய்து, பள்ளத்தில் துணி ஒட்டும் பசையைத் தடவி, இழைகளை நிமிர்த்தி நட்டு, மேலே எண்ணெய்த்தாள் வைத்து, கனமான புத்தகத்தை ஒரு நாள் ஏற்றிவிடுங்கள்.

எங்கள் கம்பளத்தில் ஒரு தணல் அடித்தளத்தையே துளைத்திருந்தது. அதற்கு ஒட்டுத் துண்டு வேண்டும். ஓட்டையைவிடச் சற்றுப் பெரிய சதுரமாக மட்டை ஒன்றை வெட்டி, அதை அளவாக வைத்து எரிந்த பகுதியை வெட்டி எடுத்தேன். அதே மட்டையை அலுமாரிக்கு அடியில் வரும் மூலையில் வைத்து, பூவும் கொடியும் பொருந்தும் இடம் பார்த்து, இன்னொரு சதுரம் எடுத்தேன். கத்தியைக் கம்பளத்தின் பின்பக்கத்திலிருந்து ஓட்டினால் இழைகள் வெட்டுப்படாது. ஓட்டையின் அடியில் தடித்த துணியைப் பசையோடு ஒட்டி, அதன் மேல் புதுத் துண்டைப் பதித்தேன். பசையின் நெடி தலைவலி தரும், யன்னலைத் திறந்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் ஓரிடத்தில் தவறினேன். கம்பளத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வெளிர் நிறம், மறுபக்கம் தடவினால் கடும் நிறம். இழை சாயும் திசை அது. நான் துண்டைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன். காலை வெளிச்சத்தில் தனிச் சதுரமாகத் துருத்திக்கொண்டு நின்றது. பசை முற்றாக இறுகுமுன் மாமிதான் கண்டு சொன்னார். பெயர்த்துத் திருப்பி ஒட்டினோம். வெட்டுமுன் துண்டின் பின்பக்கத்தில் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை வராது. கையால் முடிச்சிட்ட பாரசீகக் கம்பளம் போன்றவற்றில் மட்டும் இந்த வித்தை வேண்டாம். ஒரு முடிச்சு வெட்டுப்பட்டால் பக்கத்தில் உள்ளவையும் தளரும், அது தேர்ந்த கைகளுக்குரிய வேலை. பள்ளிவாசல் கம்பளமென்றால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுத் தொடுங்கள்; விரித்தபோது மிஞ்சிய துண்டு எங்காவது சுருட்டி வைக்கப்பட்டிருக்கும்.

மகளின் முழங்கால் பத்து நாளில் மூடியது. புதுத்தோல் முதலில் இளஞ்சிவப்பாக இருந்தது, இப்போது சுற்றியுள்ளதைவிடக் கறுப்பு. எங்களைப் போன்ற நிறத்தவருக்கு இது வழமை. சில மாதங்களில் மங்கும். வெயில் பட்டால் அந்தக் கறுப்பு நிலைக்கும் என்பதால் வெளியே போகும்போது மூடி அனுப்புகிறேன். சொறிய வேண்டாமென்று சொன்னால் கேட்பதில்லை, அரிக்கும்போது வஸ்லின் தடவச் சொல்லியிருக்கிறேன். கம்பளத்தில் சறுக்குவதற்கு நீளக் காற்சட்டை போட்டால் போதுமா என்று நேற்றுக் கேட்டாள். சாம்பிராணிச் சட்டி இப்போது சீமெந்துத் தரையில், தட்டொன்றின் மேல் இருக்கிறது.